ஜில்லுவின் குளம்பும் ஒரு வெல்லக்கட்டியும்

நீங்க எந்தக் காலேஜா இருந்தாலும் சரி, ஐ.வி.ங்கிற பேர்ல ஒரு தடவையாவது கொடைக்கானல் வந்திருப்பீங்க. வழியில ஏதோ ஒரு ஃபேக்டரியில அரை மணி நேரம், மிச்சம் ரெண்டு நாளும் ஏரிக்கரையில. அங்க வரிசையா குதிரைங்க நிக்கும். ஏறி ஒரு ரவுண்டு போயிருப்பீங்க, இல்லாட்டி பக்கத்துல நின்னு ஒரு போட்டோவாவது எடுத்திருப்பீங்க. கையில இருந்த கேரட்டையோ, கடிச்சு மிச்சம் வச்ச மக்காச்சோளத்தையோ நீட்டியிருப்பீங்க. அது உதட்டால உங்க உள்ளங்கையைத் தடவித் தடவி எடுத்துக்கிட்டப்ப, ஒரு மாதிரி சந்தோஷமா இருந்திருக்கும்.

எனக்கும் அது பிடிக்கும். நானும் பல வருஷமா அதையேதான் பண்ணிக்கிட்டு இருந்தேன். அந்த வரிசையில நிக்கிற ஒரு குதிரை எங்க மாமாவோடது. பேரு ஜில்லு. செம்பழுப்பு நிறம், நெத்தியில ஒரு வெள்ளைப் பொட்டு, பன்னெண்டு வயசுப் பெட்டைக் குதிரை. நான் அஞ்சாவது படிக்கும்போது மாமா அதை வாங்கிட்டு வந்தார். லீவுக்கு அம்மா ஊருக்குப் போனா, முதல் வேலையா லாயத்துக்கு ஓடி ஒரு துண்டு வெல்லம் குடுப்பேன். என் காலடிச் சத்தம் கேட்டாலே கனைக்கும். "உன்ன இல்ல மாப்ள, வெல்லத்தக் கூப்பிடுது"ன்னு மாமா கிண்டல் பண்ணுவார்.

இப்ப நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். இந்தக் கட்டுரை போன ஒரு வருஷத்துல ஜில்லுவோட கால்ல நடந்ததைப் பத்தினது. அதுல என் பங்கும் இருக்கு. அதனாலதான் எழுதுறேன்.

போன வருஷம் மார்ச் மாசம் மாமா போன் பண்ணினார். ஜில்லுவோட முன்னங்கால் குளம்பு ரெண்டும் வெடிக்குதுன்னு சொன்னார். ஓரம் ஓரமா பொரிஞ்சு விழுது, லாடம் அடிச்சா ஆணி நிக்க மாட்டேங்குது, ரெண்டு வாரத்துலயே லாடம் கழண்டு போகுது. லாடம் அடிக்க வர்றவர் "சத்து பத்தல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். சீசன் ஆரம்பிக்கிற நேரம். ஏப்ரல், மே ரெண்டு மாசம் ஓடுற ஓட்டத்துலதான் மாமா வீட்டுல மிச்ச பத்து மாசம் அடுப்பு எரியும்.

நான் என்ன யோசிச்சேன்னா, ஒரு மெட்டீரியல் விரிசல் விடுதுன்னா மெட்டீரியல்ல குறை. குறையிற பொருளைச் சேர்த்தா சரியாயிடும். ஹாஸ்டல்ல உக்காந்து ராத்திரி பூரா தேடினேன். குளம்புக்கு பயோட்டின் நல்லதுன்னு எல்லா இடத்துலயும் போட்டிருந்தது. ஸ்டைபண்ட் காசுல ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு குதிரைக் குளம்புக்கான சத்துப் பவுடர் ஒரு டப்பா ஆர்டர் பண்ணி மாமா வீட்டுக்கு அனுப்பினேன். பெருமை வேற. மாமாவும் தினம் ரெண்டு கரண்டி தவிட்டுல கலந்து வச்சார். ஜில்லுவுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வாளியை நக்கி நக்கிச் சாப்பிடுதுன்னு வீடியோ அனுப்பினார். ஏன் அவ்வளவு பிடிச்சதுன்னு நான் யோசிக்கவே இல்ல.

மே கடைசி வாரம் செமஸ்டர் முடிஞ்சு ஊருக்குப் போனேன். மறுநாள் விடியக்காலையில லாயத்துக்குப் போனா, கனைப்புச் சத்தமே இல்ல.

ஜில்லு நின்னுக்கிட்டு இருந்த விதம் இன்னும் கண்ணுலயே இருக்கு. முன்னங்கால் ரெண்டையும் முன்னாடி நீட்டி, உடம்பு பாரத்தைப் பூரா பின்னங்கால் மேல சாய்ச்சு, யாரோ பின்னாடி இழுத்துப் பிடிச்ச மாதிரி. ஒரு காலை மாத்தி ஒரு காலைத் தூக்கி வச்சுக்கிட்டே இருந்தது. கயித்தைப் பிடிச்சு இழுத்தா நகரல. குளம்புல கை வச்சா சூடு, அந்தக் குளிர்லயும். மாமா "வாயுப் பிடிப்பா இருக்கும்"னு சொல்லி நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்ச்சார். அத்தை மஞ்சள் அரைச்சுப் பத்துப் போட்டாங்க. வெல்லம் குடுத்தாவது சமாதானப்படுத்தலாம்னு நான் ஒரு கட்டியை நீட்டினேன். அந்த வலியிலயும் வாங்கிச் சாப்பிட்டது.

மத்தியானம் கால்நடை டாக்டர் வந்தாங்க. கால்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி கழுத்தைத்தான் தொட்டுப் பார்த்தாங்க. பிடரி மயிருக்குக் கீழ, கழுத்து மேட்டுல, கையால பிடிச்சா கெட்டியா ஒரு கொழுப்புத் திட்டு இருந்தது. நாங்க எல்லாரும் அதை இத்தனை நாளா குதிரையோட மிடுக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். அப்புறம் கணுக்காலுக்குப் பின்பக்கம் ரெண்டு விரலை வச்சாங்க. என் கையையும் பிடிச்சு வச்சாங்க. நல்லா இருக்கிற குதிரைக்கு அந்த இடத்துல நாடி கிடைக்கிறதே கஷ்டம். ஜில்லுவுக்கு மத்தளம் மாதிரி அடிச்சது.

"லேமினைட்டிஸ். என்ன தீவனம் போடுறீங்கண்ணே?"

மாமா சொல்லச் சொல்ல நானும் அப்பத்தான் முதல் தடவையா முழுசாக் கேட்டேன். காலையில வேகவச்ச கொள்ளு, கோதுமைத் தவிடு, ஒரு கட்டி வெல்லம். ராத்திரியும் அதே. நடுவுல புல். "அப்புறம் ஏரிக்கரையில ஜனங்க என்ன குடுப்பாங்க?"ன்னு டாக்டர் கேட்டப்ப மாமா சிரிச்சார். அதுக்குக் கணக்கு ஏதுங்க? சீசன்ல ஒரு ஞாயித்துக்கிழமைன்னா முப்பது நாப்பது கேரட், அவிச்ச மக்காச்சோளம், பன்னு, பிஸ்கட்டு, ஒருத்தர் விடாம ஹோம்மேட் சாக்லேட். ஒரு தடவை பர்த்டே கேக்.

"மெலியட்டும்னுதான் மேடம் கொள்ளே போடுறேன்"னு மாமா பாவமா சொன்னார். இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு நாம சொல்றோம் இல்லையா, அதை அவர் குதிரைக்கும் நம்பியிருந்தார். கொள்ளுல மாவுச்சத்து நிறைய. நாள் பூரா ஓடுற குதிரைக்கு அது சரி. ஏரியைச் சுத்தி மெதுவா நடக்கிற குதிரைக்கு அது கொழுப்பாத்தான் சேரும்.

அப்புறம் நான் என் டப்பாவை எடுத்துட்டு வந்து காட்டினேன். டாக்டர் முன்பக்கம் பார்க்கல, திருப்பிப் பின்னாடி சின்ன எழுத்தைப் படிச்சாங்க. முதல் பொருளே மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலையில மிஞ்சுற கரும்புப்பாகு. குதிரை விரும்பிச் சாப்பிடணும்னு சேர்க்கிறது. எதையும் திங்கிற ஜில்லுவுக்கு அது எதுக்கு? என் மூஞ்சி போன போக்கைப் பார்த்துட்டு அவங்களே சொன்னாங்க: "இது மட்டும் காரணம் இல்ல தம்பி. நாள் பூரா போனதுக்கு மேல இது ரெண்டு கரண்டி. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி படிச்சிருக்கலாம்ல?" ஏரோ மாடலிங் கிட்டுக்கு நாப்பது பக்க டேட்டாஷீட் படிக்கிறவன் நான்.

இனி கொஞ்சம் உள்ள போறேன். நம்ம ஆளுங்களுக்கு இது பிடிக்கும்.

குதிரை நடக்கிறது அதோட நடுவிரல் நுனியில. ஒவ்வொரு கால்லயும் ஒரே ஒரு விரல், அதைச் சுத்தின நகம்தான் குளம்பு. உள்ள கடைசியா ஒரு எலும்பு இருக்கு. நாம நினைக்கிற மாதிரி அந்த எலும்பு குளம்போட அடித்தட்டு மேல உக்காந்திருக்கல. குளம்புச் சுவரோட உட்புறத்துல இருந்து தொங்கிக்கிட்டு இருக்கு. எலும்புப் பக்கத்துல இருந்தும் சுவர்ப் பக்கத்துல இருந்தும் மெல்லிய மடிப்புகள் கிளம்பி, ரெண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னி இருக்கும். ஒரு குளம்புல சுமார் 550-லிருந்து 600 மடிப்பு. ஒவ்வொரு மடிப்புலயும் நூறுக்கு மேல குட்டி மடிப்பு. ஒரு சின்னப் பரப்புல ஒட்டுற ஏரியாவை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டி வச்சிருக்கிற டிசைன். குதிரையோட மொத்த எடையும் அந்தப் பிணைப்புலதான் தொங்குது. அந்தப் பிணைப்பு வீங்கித் தளர்றதுதான் லேமினைட்டிஸ். தளர்ந்த நேரத்துல காலுக்குப் பின்னாடி இருந்து வர்ற தசைநாண் அந்த எலும்போட பின்முனையைப் பிடிச்சு மேல இழுக்கும். முன்பக்கம் பிடி விட்டுப் போச்சு, பின்பக்கம் இழுவிசை இருக்கு. ஃப்ரீ பாடி டயகிராம் போட்டுப் பாருங்க, எலும்பு சுழலும். முத்திப் போனா அதோட நுனி அடித்தட்டைக் குத்திக்கிட்டே வெளிய வந்துடும்.

சரி, வாய்ல போன சர்க்கரைக்கும் கால்ல இருக்கிற பிணைப்புக்கும் என்ன சம்பந்தம்? நடுவுல இருக்கிறது இன்சுலின். 2007-ல ஆஸ்திரேலியாவுல ஒரு பரிசோதனை பண்ணினாங்க. எந்த நோயும் இல்லாத மட்டக்குதிரைகளுக்கு ரத்தத்துல இன்சுலினை ரொம்ப அதிகமா ஏத்திக்கிட்டே இருந்தாங்க. கூடவே குளுக்கோஸும் குடுத்து, ரத்தச் சர்க்கரை அளவு மாறாம பிடிச்சு வச்சாங்க. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்குப் புரியும், ஒரு வேரியபிளை செட் பாயின்ட்ல பூட்டிட்டு இன்னொண்ணை மட்டும் ஏத்துறது. மூணு நாளைக்குள்ள இன்சுலின் ஏத்தின குதிரைகள் அத்தனைக்கும் லேமினைட்டிஸ் வந்தது. அதாவது குளம்பை நேரடியாக் கெடுக்கிறது சர்க்கரை இல்ல, அதைச் சமாளிக்க உடம்பு கொட்டுற இன்சுலின். ஜில்லு மாதிரி கழுத்துல கொழுப்புத் திட்டு வச்ச குதிரைக்கு, மத்த குதிரைக்கு ஒரு பங்கு சுரக்கிற இடத்துல பல பங்கு சுரக்கும். அதே கேரட் பக்கத்துல நிக்கிற குதிரையை ஒண்ணும் பண்ணாது.

அன்னைக்கு ராத்திரியே லாடத்தைக் கழட்டினோம். மீன்கடையில ஐஸ் வாங்கி வந்து வாளியில போட்டு, முன்னங்கால் ரெண்டையும் அதுல நிறுத்தினோம். லாயத்துல ஆத்து மணல் கொட்டி மெத்து மெத்துன்னு ஆக்கினோம். வலிக்கு மருந்து. எக்ஸ்ரே எடுக்கணும்னா மலையை விட்டுக் கீழ போகணும், அந்தக் காலோட கொண்டை ஊசி வளைவுல லாரியில நிக்க முடியாதுன்னு டாக்டர் வேண்டாம்னுட்டாங்க. கொள்ளு, தவிடு, வெல்லம், கேரட், அந்த டப்பா எல்லாம் அன்னையோட நிறுத்தம்.

"அப்ப பட்டினி போட்டுடலாமா?"ன்னு மாமா கேட்டார். அதுவும் கூடாதாம். கொழுத்த குதிரையைத் திடீர்னு பட்டினி போட்டா, உடம்புல இருக்கிற கொழுப்பு பூரா ரத்தத்துக்கு இறங்கி, கல்லீரல் கெட்டு, லேமினைட்டிஸுக்கு முன்னாடி அதுலயே உயிர் போயிடும். அளந்து போடணும். அளக்கணும்னா முதல்ல குதிரை எவ்வளவு எடைன்னு தெரியணும். எடை மேடை எங்க இருக்கு? அதுக்கு ஒரு சூத்திரம் இருக்கு: மார்புச் சுற்றளவை செ.மீ.-ல எடுத்து வர்க்கப்படுத்தி, உடம்பு நீளத்தால பெருக்கி, 11,880-ஆல வகுத்தா கிலோ கிடைக்கும். அத்தையோட தையல் டேப்பை வாங்கிட்டுப் போய் அளந்தேன். சுற்றளவு 160, நீளம் 145. எடை 312 கிலோ. அதுல ஒன்றரை சதவீதம், ஒரு நாளைக்கு நாலே முக்கால் கிலோ காய்ஞ்ச புல். மாமா இத்தனை வருஷமா கைக்கு வந்ததை அள்ளிப் போட்டவர். காய்கறி மண்டியில பழைய தொங்கு தராசு ஒண்ணு வாங்கி லாயத்து உத்தரத்துல மாட்டினோம்.

அந்தப் புல்லையும் அப்படியே போடக் கூடாது. காய்ஞ்ச புல்லுலயும் சர்க்கரை இருக்கு. இந்த மாதிரி குதிரைக்கு தீவனத்துல சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து பத்து, பன்னெண்டு சதவீதத்துக்குள்ள இருக்கணும். மலையில எந்த லேப்ல போய் புல்லை டெஸ்ட் பண்றது? அதனால ஊறவைக்கணும். பச்சைத் தண்ணியில ஒரு மணி நேரம் முக்கி வச்சா சர்க்கரையில ஒரு பங்கு தண்ணியில கரைஞ்சுடும். முதல் நாள் டிரம்மைக் கவுத்தப்ப வந்த தண்ணி, லைட் டீ கலர்ல இருந்தது. அத்தை அதை வீணாக்காம மாட்டுக்கு வைக்கப் போனாங்க. "மாட்டுக்கு வேணா வைங்க, ஜில்லு வாய்ல மட்டும் படக் கூடாது"ன்னு மாமா கத்தினார். ஜூன் மாச மழையில, காலையில அஞ்சு மணிக்கு அந்தத் தண்ணிக்குள்ள கைய விட்டுப் புல்லைப் பிழிஞ்சு எடுக்கிறது எப்படி இருக்கும்னு கொடைக்கானல் குளிர் தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

ஊறவைக்கும்போது சர்க்கரையோட சேர்ந்து தாதுச் சத்தும் போயிடும். சப்ளிமென்ட்டுக்கு உண்மையான வேலை இங்கதான் வருது. என் டப்பாவோட தப்பு பயோட்டின் இல்ல. வியன்னாவுல லிப்பிசானர்னு வெள்ளைக் குதிரைங்க இருக்கு, நடனம் மாதிரி அடி வைக்கும். அதுல 42 குதிரைகளை வச்சு ஒரு ஆய்வு 1995-ல வெளியாச்சு. தினம் 20 மில்லிகிராம் பயோட்டின் குடுத்ததுல குளம்போட தரம் நல்லா ஆனது. ஆனா அது தெரியறதுக்கு ஒன்பது மாசம் ஆச்சு. ஏன்னா ஏற்கனவே வளர்ந்த குளம்பு நம்ம நகம் மாதிரி செத்த பொருள். அதுல விட்ட விரிசல் எந்த மருந்துக்கும் ஒட்டாது. மேல மயிர்க்கோட்டுல இருந்து புதுசா வர்றது மட்டும்தான் நல்லதா வரும். அது கீழ வந்து சேர்ற வரைக்கும் பழசோடதான் நிக்கணும்.

டாக்டர் எழுதிக் குடுத்தது பயோட்டின், துத்தநாகம், தாமிரம், அப்புறம் மெத்தியோனின்னு ஒரு அமினோ அமிலம். குளம்பு கெரட்டின்ல ஆனது, கெரட்டினுக்குக் கந்தகப் பிணைப்புதான் பலம், அந்தக் கந்தகம் மெத்தியோனின்ல இருந்து வரணும். இதையெல்லாம் எதுல கலந்து குடுக்கிறது? தவிடு ஆகாது. தவிட்டுல கால்சியத்தைவிட பாஸ்பரஸ் பல மடங்கு, அதையே தின்ன குதிரைக்கு எலும்புல இருந்து கால்சியம் உருவப்பட்டு முகம் வீங்கிப் போகும். அந்தக் காலத்துல மாவு மில்காரங்க குதிரைக்கு இது அடிக்கடி வந்ததால 'மில்காரர் நோய்'னே இங்கிலீஷ்ல பேர் வச்சாங்க. அதனால ஒரு கைப்பிடி குதிரைமசால். பேருலயே குதிரை இருக்கு பாருங்க. புரதமும் கால்சியமும் அதிகம், சர்க்கரை குறைவு.

பயோட்டின் மட்டும் மொலாசஸ் இல்லாம வேணும்னு மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். மனுஷங்களுக்கு 10 மில்லிகிராம் மாத்திரை இருக்கு, தினம் ரெண்டு போட்டா கணக்கு சரி. ஆறு அட்டை கேட்டதும் கடைக்காரர் என் தலையைப் பார்த்தார். "முடி ரொம்பக் கொட்டுதா தம்பி?" குதிரைக்குன்னு சொன்னேன். நம்பல. "எனக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சது"ன்னு ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

நல்லதுதானேன்னு எல்லாத்தையும் சேர்க்கலாமான்னு எனக்கு ஆசை இருந்தது. செலீனியமும் குளம்புக்கு நல்லதுன்னு படிச்சிருந்தேன். டாக்டர் முறைச்சாங்க. செலீனியம் கொஞ்சம் கூடினா அதே குளம்பு வெடிக்கும், பிடரி மயிரும் வாலும் கொட்டும், இன்னும் கூடினா உயிரே போகும். 2009-ல அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல ஒரு போலோ போட்டிக்கு வந்த 21 குதிரைங்க ஒரே சமயத்துல செத்துப் போச்சு. சத்து ஊசி தயாரிக்கும்போது அதுல செலீனியத்தோட அளவு தப்பாப் போனதுதான் காரணம். அளவு ஒண்ணுதான் தப்பு. லேப் ரெக்கார்டுல யூனிட் எழுதாம விட்டு சார்கிட்ட திட்டு வாங்கும்போதெல்லாம் இப்ப எனக்கு அந்தக் குதிரைங்க ஞாபகம் வருது.

ஜூன் பத்தாம் தேதி, மயிர்க்கோட்டுக்கு ஒட்டினாப்புல குளம்பு மேல அரத்தால ஒரு மெல்லிய கோடு இழுத்தேன். அது கீழ இறங்க இறங்க எவ்வளவு புதுக் குளம்பு வந்திருக்குன்னு தெரியும். முன் விளிம்புல மொத்த நீளம் 76 மில்லிமீட்டர். காலேஜ் திறந்ததும் கிளம்பணுமே, மாமாவுக்கு ஒரு பிளாஸ்டிக் வெர்னியர் காலிப்பர் வாங்கிக் குடுத்து, மெயின் ஸ்கேல், வெர்னியர் ஸ்கேல் எல்லாம் கத்துக் குடுத்தேன். எட்டாவது வரைக்கும் படிச்சவர், எங்க க்ளாஸ்ல பாதிப் பேரைவிட சீக்கிரம் பிடிச்சுக்கிட்டார். மாசா மாசம் பத்தாம் தேதி வாட்ஸ்அப்ல போட்டோவும் அளவும் வரும். ஜூலை: 7.4. ஆகஸ்ட்: 15.2. நான் எக்ஸெல்ல ஏத்திக்கிட்டே வந்தேன். கோடு கிட்டத்தட்ட நேர்கோடு, மாசம் எட்டு மில்லிமீட்டருக்குப் பக்கத்துல. அந்த வேகத்தை யாராலயும் கூட்ட முடியல.

நடுவுல காசு. சவாரி இல்ல, மருந்துச் செலவு. மாமா ஒரு ஓட்டல்ல ராத்திரி வாட்ச்மேன் வேலைக்குப் போனார். ஆடி மாசம் அந்தியூர்ல குருநாதசாமி கோயில் திருவிழா வருது, அதோட பெரிய குதிரைச் சந்தையும் நடக்கும். ஒரு தரகர் வீட்டுக்கு வந்தார். "பார்க்கிறதுக்குப் பொம்மை மாதிரி இருக்கு. சந்தைக்கு முன்னாடி நாள் ஒரு வலி ஊசி போட்டுட்டா நல்லா நடக்கும். வாங்குறவன் கண்டுபிடிக்கிறதுக்குள்ள நாம ஊர் வந்துடலாம்." சொன்ன தொகை மாமாவோட ஆறு மாசக் கடனை அடைக்கிற தொகை.

அன்னைக்கு ராத்திரி மாமா எனக்குப் போன் பண்ணினார். என்ன பண்ணலாம்னு கேட்கல. "மாப்ள, ஊசி போட்டா நிஜமாவே வலி தெரியாதா?"ன்னு மட்டும் கேட்டார். தெரியாது மாமா, ஆனா அந்தப் பிடி விட்ட எலும்போட அது சாதாரணமா நடக்கும், ஓடும், உள்ள இன்னும் கிழியும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. பின்னாடி தராசுச் சங்கிலி ஆடுற சத்தம் கேட்டது. மணி ஒன்பது, ராத்திரிப் புல்லு எடை போடுற நேரம். "சரி, வைக்கிறேன்"னு வச்சுட்டார். எனக்கு என்ன முடிவுன்னு தெரியல, கேட்கவும் பயம். தூக்கமே வரல. ஆகஸ்ட் பத்தாம் தேதி 15.2-ன்னு மெசேஜ் வந்தப்பதான் மூச்சு வந்தது.

புது வருஷம் பிறந்ததும் ஒரு தடவை சறுக்கினோம். டிசம்பர், ஜனவரியில அங்க உறைபனி விழும். அப்போ பகல்ல நல்ல வெயில், ராத்திரி உறையிற குளிர். புல்லு வெயில்ல சர்க்கரை தயாரிக்கும், ஆனா ராத்திரி குளிருக்கு வளராது, அதனால தயாரிச்ச சர்க்கரை செலவாகாம தண்டுலயே தங்கிடும். பார்க்கிறதுக்குக் குட்டையா, காய்ஞ்ச மாதிரி இருக்கிற அந்தப் புல்லுதான் இருக்கிறதுலயே இனிப்பு. இது தெரியாம மாமா காலாற நடக்கட்டும்னு ரெண்டு நாள் மேயவிட்டார். மூணாம் நாள் நாடி மறுபடியும் மத்தளம். இந்த முறை அவரே கண்டுபிடிச்சு, அன்னைக்கே கட்டிப் போட்டு, ஐஸ் வாங்கி வந்துட்டார். நாலு நாள்ல அடங்கிடுச்சு. ஆனா குளம்புல அதுவும் பதிவாகி இருக்கு. இப்பவும் பார்க்கலாம், வளர்ந்த குளம்புல ஒரு வளையம், முன்னாடி நெருக்கமா, குதிகால் பக்கம் அகலமா. போன வருஷம் மே மாசத்து வளையம் அதுக்கு ரொம்பக் கீழ இருந்தது. குளம்பு ஒரு லாக் ஃபைல், டெலீட் பண்ண முடியாது.

இந்த ஏப்ரல்ல கோடு தரைக்கு வந்து சேர்ந்தது. லாடம் அடிக்கிறவர் பழைய வெடிப்பு எல்லாத்தையும் சீவித் தள்ளிட்டு, ஆணி அடிச்சார். நின்னது. ஜில்லு இப்ப 268 கிலோ. கழுத்துத் திட்டு இளகியிருக்கு, முழுசாப் போகல. தினம் ரெண்டு மணி நேரம், குழந்தைங்களை மட்டும் ஏத்திக்கிட்டு ஏரிக்கரையில நடக்குது.

ஆனா ஒரு பிரச்சினை. ஏரிக்கரைக்குப் போனா கேரட் நீட்டுற கைங்க சும்மா இருக்குமா? அதனால மாமா கயித்துல ஒரு வாய்க்கூடு பின்னிட்டார், சூடடிக்கும்போது மாட்டுக்குப் போடுவாங்களே அது மாதிரி. தண்ணி குடிக்கலாம், மூச்சு விடலாம், கேரட் நுழையாது. இப்ப வர்றவங்க எல்லாரும் மாமாவைத் திட்டுறாங்க. "வாயில்லா ஜீவனோட வாயைக் கட்டி வச்சிருக்கியே, நீயெல்லாம் மனுஷனா?" ஒருத்தர் வீடியோ எடுத்துப் போட்டுட்டார். கமெண்ட்ஸ் படிச்சேன், பாதியில மூடிட்டேன். ஜில்லுவுக்கு வெல்லமும் கேக்கும் ஊட்டின பத்து வருஷத்துல ஒருத்தர்கூட மாமாவைக் குறை சொன்னது இல்ல. "எவ்வளவு பாசமா வளர்க்கிறார் பாரு"ன்னுதான் சொன்னாங்க.

மாமா ஆரம்பத்துல எல்லார்கிட்டயும் இன்சுலின் வரைக்கும் விளக்கிப் பார்த்தார். யாரும் நின்னு கேட்கல. இப்ப வேற ஒண்ணு பண்றார். போன வாரம் நான் பக்கத்துல இருந்தேன். ஒரு பாப்பா, நாலு வயசு இருக்கும், கேரட்டைப் பிடிச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சது, குதிரை வாங்கிக்க மாட்டேங்குதுன்னு. மாமா வாய்க்கூட்டைக் கழட்டினார். பக்கத்து வாளியில ஊறவச்ச புல்லுல இருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிஞ்சு, "இத குடும்மா, இதுதான் அவளுக்குப் பிடிக்கும்"னு பாப்பா கையில வச்சார். அது பச்சைப் பொய். புல்லை நீட்டின கையை ஜில்லு முதல்ல மோந்து பார்த்தது, அப்புறம் அடுத்த கையில இருந்த கேரட்டை மோந்து பார்த்தது. மாமா மெதுவா அந்தக் கேரட்டை வாங்கித் தன் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். ஜில்லு ஒரு நிமிஷம் அந்தப் பையையே பார்த்துக்கிட்டு நின்னுட்டு, பாப்பாவோட உள்ளங்கையில இருந்த ஈரப் புல்லை உதட்டால தடவித் தடவி எடுத்துக்கிச்சு. பாப்பா கூச்சத்துல கெக்கெக்கேன்னு சிரிச்சது.